நடுவில் குடம் உண்டா? ரேடியேட் என்ற சொல்லைப் பற்றி

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவருடைய வாப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, வெளியூர் மருத்துவமனை ஒன்றில் நாலு நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வரி: "செஸ்ட் பெயின் ரேடியேட்டிங் டு லெஃப்ட் ஆர்ம்". உம்மாவுக்குப் படித்துக் காட்டலாம் என்று போனில் போட்டு மொழிபெயர்த்தால், "இடது கைக்குக் கதிர்வீச்சு செய்யும் மார்பு வலி" என்று வந்திருக்கிறது. உம்மா கதிர்வீச்சு என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, "என்னட்ட என்னத்தயோ மறைக்கிறிய, வாப்பாவுக்குக் கரண்டு வச்சாங்களா" என்று அழத் தொடங்கிவிட்டாராம். கேன்சருக்குக் கதிர் வைத்தியம் செய்வதைத்தான் கரண்டு வைப்பது என்கிறார். தம்பி கேட்பது இதுதான்: ரேடியேட் என்றால் சரியாக என்ன? வெயிலுக்கும் வலிக்கும் கேன்சர் வைத்தியத்துக்கும் ஒரே சொல் எப்படி? தமிழில் 'பரவு' என்று போட்டால் போதாதா?

முதலில் உம்மாவிடம் சொல்லிவிடுங்கள் தம்பி: அந்த வரிக்கும் கரண்டு வைப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 'நெஞ்சில் கிளம்பிய வலி இடது கைக்கு இறங்கியது' என்று எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மற்றதைச் சாவகாசமாகப் பார்ப்போம். உச்சிப்புளிப் பக்கம் முப்பது வருஷம் இங்கிலீஷ் பாடம் எடுத்தவன் நான். ஒரு சொல்லைப் பிடித்தால் சீக்கிரம் விடமாட்டேன்.

ரேடியேட் லத்தீன் வழி வந்த சொல். லத்தீனில் ரேடியஸ் என்றால் ஒரு கோல், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால், சூரியனின் கதிர். மூன்றுக்கும் ஒரே சொல். மாட்டுவண்டிச் சக்கரத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். நடுவில் குடம். வெளியே வட்டை, அதற்கு மேல் இரும்புப் பட்டா. குடத்தில் குத்தி வட்டையைத் தொடும் கட்டைகள்தான் ஆரக்கால்கள். இந்தச் சக்கரத்தை ஆகாயத்தில் மாட்டினால் சூரியன். குழந்தைகள் சிலேட்டில் சூரியன் வரைந்தால் நடுவில் ஒரு வட்டம் போட்டு, சுற்றிலும் குச்சி குச்சியாய்க் கோடு இழுக்குமே, அந்தப் படம்தான் ரேடியேட் என்ற வினை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலீஷில் புழங்க ஆரம்பித்துவிட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. கணக்குப் பாடத்தில் வட்டத்தின் ரேடியஸை நாம் ஆரம் என்கிறோம். அந்த ஆரமும் ஆரக்காலில் இருக்கிற ஆர்தான். ரோமாபுரிக்காரனும் சரி, நம்மூர் ஆசாரியும் சரி, வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகிற கோட்டுக்குப் பெயர் வைக்க வண்டிச் சக்கரத்தைத்தான் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லியிருந்தால் ஆரம், விட்டம் இரண்டையும் குழப்பிக்கொள்ளவே மாட்டார்கள். நான் பாடம் நடத்திய காலத்தில் எனக்கே தோன்றவில்லை.

இதே குடும்பத்து ஆள்கள் உங்கள் வாப்பாவின் தாளிலேயே இன்னும் ஒன்றிரண்டு இடத்தில் இருக்கலாம். முன்கையில் இரண்டு எலும்பு. கட்டைவிரல் பக்கம் இருப்பதன் பெயர் ரேடியஸ், தமிழில் ஆரை எலும்பு. அதை ஒட்டி ஓடுவது ரேடியல் ஆர்ட்டரி. மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்க்கிறார்களே, அந்தக் குழாய். இப்போது ஆஞ்சியோகிராம் பலருக்கும் தொடையில் போடாமல் மணிக்கட்டு வழியாகவே போடுகிறார்கள். தாளில் 'ரேடியல் அப்ரோச்' என்று இருந்தால் அர்த்தம் அது. அதைப் பார்த்தும் உம்மா பயப்பட வேண்டாம்.

ரேடியோ இந்த வீட்டுப் பிள்ளை. கம்பத்திலிருந்து அலை நாலாபக்கமும் போவதால் அந்தப் பெயர். சுமார் 30 கிலோமீட்டர் கடலுக்கு அந்தப் பக்கம் தலைமன்னார். எங்கள் கரையில் ஒரு தலைமுறையே இலங்கை வானொலியின் சினிமாப் பாட்டைக் கேட்டு வளர்ந்தது. 1898இல் மேரி கியூரியும் பியர் கியூரியும் கண்டுபிடித்த தனிமத்துக்கு ரேடியம் என்று பெயர் வைத்ததும் கதிர் விடுகிறது என்பதால்தான். கதிர் என்று பொருள்படும் 'ரே'யும் அதே ரேடியஸ் ஃபிரெஞ்சு வழியாக உருண்டு தேய்ந்து வந்ததுதான். ஒரு எச்சரிக்கை: நம் கரையில் ஏலத்துக்கு வருகிற திருக்கை மீனுக்கும் இங்கிலீஷில் 'ரே' என்றுதான் பெயர். விசிறி மாதிரி விரிந்து கிடப்பதால் அதுவும் இதே சொல்தானோ என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. அது ரையா என்ற வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முகம் ஒன்றாக இருந்தாலும் குடும்பம் வேறு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வெளியே போவதைச் சொல்ல இங்கிலீஷில் எத்தனையோ வினை இருக்கிறது. ஸ்ப்ரெட், டிஃப்யூஸ், எமனேட், டைவர்ஜ், ஃபேன் அவுட். ரேடியேட் இவற்றிலிருந்து தனித்து நிற்பது ஒரே ஒரு இடத்தில்: அதற்கு நடுவில் ஒரு குடம் வேண்டும். 'இதோ, இங்கிருந்துதான்' என்று விரல் வைத்துக் காட்ட ஒரு புள்ளி இருக்க வேண்டும். அந்தப் புள்ளி கடைசிவரை அங்கேயே இருக்க வேண்டும். அதிலிருந்து கோடு கோடாய் வெளியே போக வேண்டும். புள்ளியைக் காட்ட முடியாவிட்டால் ரேடியேட் போடாதீர்கள்.

எங்கள் சித்தப்பா பாம்பனில் வீச்சு வலை போடுகிறவர். இடுப்பளவுத் தண்ணீரில் மடவை மேய்கிற நேரமாகப் பார்த்துப் போவார். வலையின் நடுக் கயிற்றைச் சுருக்குப் போட்டு இடது மணிக்கட்டில் மாட்டிக்கொள்வார். வலையில் ஒரு பங்கு இடது முழங்கையில் தொங்கும். ஒரு பங்கு வலது கையில். ஓரத்து ஈயக்குண்டுகளில் ஒன்றைப் பல்லில் கடித்துக்கொள்வார். உடம்பை ஒரு திருகு திருகி வீசினால், கையை விட்டுப் போகும்போது வெறும் கயிற்றுக் கற்றையாய் இருப்பது, ஆகாயத்தில் ஒரு கணம் முழு வட்டமாய் விரிந்து நிற்கும். நடுவில் கயிறு கட்டிய கொண்டை. அங்கிருந்து வலைக்கண்ணெல்லாம் வெளியே இழுபட்டு ஓடும். ஓரத்தில் ஈயக்குண்டு. பிறகு தப்பென்று தண்ணீரில் விழும். அந்த ஒரு கணம் இருக்கிறதே, அதைப் படம் எடுத்து அகராதியில் ரேடியேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டலாம். தண்ணீரில் விழுந்த பிறகு அதே வலை ஸ்ப்ரெட். தரையை மூடிக்கொண்டு கிடக்கிறது, நடுவைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

தமிழில் நாம் அதற்குச் சொல்வது 'வீசு'. வலை வீசுகிறோம். காற்று வீசுகிறது. கையை வீசி நடக்கிறோம். பூ மணம் வீசுகிறது, நிலா ஒளி வீசுகிறது, வெயில் அனல் வீசுகிறது. ரேடியேஷனுக்குக் கதிர்வீச்சு என்ற சொல் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். சித்தப்பாவின் வலைவீச்சில் இருக்கிற அதே வீச்சு. கல்பாக்கம், எக்ஸ்ரே என்று கேட்டுக் கேட்டு நமக்குத்தான் அந்தச் சொல் மேல் பயம் வந்துவிட்டது. சொல்லின் மேல் பிழை இல்லை. தப்பு நடந்த இடம் போனில். ரேடியேட்டைக் கண்டால் கதிர்வீச்சு என்று ஒரே பதிலை எடுத்துக் கொடுத்துவிட்டது. வலி எதையும் வீசுவதில்லை.

வெப்பத்துக்குப் போடும்போது இது இயற்பியல் சொல்லாகிவிடுகிறது, அங்கே கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். சூடு போவதற்கு வழி மூன்று. கரண்டிக் காம்பு சுடுவது கடத்தல். உலைப்பானைத் தண்ணீர் கீழிருந்து மேலே புரள்வது சலனம். மூன்றாவதற்கு நடுவில் எதுவுமே வேண்டாம், காற்றுக்கூட வேண்டாம். சூரியனுக்கும் நமக்கும் நடுவில் சுமார் 15 கோடி கிலோமீட்டர், பெரும்பாலும் வெற்றிடம்; அதைத் தாண்டி எட்டு நிமிஷ சொச்சத்தில் வெயில் வந்து மண்டையில் இறங்குகிறது. அது ரேடியேட். அரிச்சல்முனைக்குப் போகிற தார் ரோட்டில் சூரியன் விழுந்த பிறகு நின்று பாருங்கள். மணல் சீக்கிரம் ஆறிவிடும், ரோடு ஆறாது. கணுக்காலுக்குக் கீழே வெக்கை ஏறும். "ஹீட் வாஸ் ரேடியேட்டிங் ஃப்ரம் தி ரோட்" என்று எழுதினால் அச்சு அசலான இங்கிலீஷ். ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் காற்று உள்நாட்டுச் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு வந்து முகத்தில் அறைகிறதே, அது ரேடியேட் இல்லை. அது காற்று சுமந்து வந்த சூடு. தமிழில் இரண்டுக்கும் 'அனலடிக்குது' என்றே சொல்லிவிடுகிறோம். வித்தியாசம் தெரிய வேண்டுமா, வேப்பமர நிழலுக்குள் போய் நில்லுங்கள். நிழலுக்குள் போனதும் நின்றுவிடுகிற சூடு வெயிலினுடையது. நிழலுக்குள்ளும் துரத்தி வருகிற சூடு காற்றினுடையது.

போகிற போக்கில் ஒன்று: லாரி, பஸ்ஸில் இருக்கிற ரேடியேட்டர் தன் பெயருக்குத் துரோகம் செய்கிற சாமான். அதிலிருந்து சூடு பெரும்பாலும் ரேடியேஷனாகப் போவதில்லை. ஃபேன் இழுக்கிற காற்றோடுதான் போகிறது. பெயர் வைத்தாயிற்று, இனி மாற்ற முடியாது. ரேடியல் டயர் அப்படியில்லை, பெயருக்கு உண்மையாய் இருக்கிறது. உள்ளே இருக்கிற இழைகள் ஆரக்கால் மாதிரி நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடுகின்றன.

இப்போது வலி. தம்பி கேட்ட கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

டாக்டர்கள் ரேடியேட் என்று எழுதும்போது சொல்வது: வலிக்கு ஒரு ஊற்றுக்கண் இருக்கிறது, அங்கே வலித்துக்கொண்டே இருக்கிறது, அத்தோடு இன்னொரு இடத்துக்கும் நீள்கிறது. நெஞ்சு வலி இடது கைக்கு, தாடைக்கு, முதுகுக்கு. கிட்னிக் கல் வலி விலாவுக்குப் பின்னாலிருந்து அடிவயிற்றுக்கு, தொடையிடுக்குக்கு. இடுப்புத் தண்டில் நரம்பு நசுங்கினால் புட்டத்திலிருந்து கால் பாதம் வரை. எல்லாவற்றிலும் குடம் அப்படியே இருக்கிறது, ஆரக்கால் ஒன்று நீள்கிறது. இதற்கு மாறாக அப்பென்டிக்ஸ் வலியைப் பாருங்கள். அது முதலில் தொப்புளைச் சுற்றி வரும். சில மணி நேரம் கழித்து வலது அடிவயிற்றுக்குக் குடிபோய்விடும். தொப்புளில் பிறகு அவ்வளவாக வலிக்காது. இதை ரேடியேட் என்று எழுதமாட்டார்கள். மைக்ரேட் அல்லது ஷிஃப்ட் என்பார்கள். வீடு மாறுவது வேறு, வீட்டிலிருந்துகொண்டே கையை நீட்டுவது வேறு. இந்த ஒரு சொல்லை மாற்றிப் போட்டால் டாக்டரின் நினைப்பே வேறு நோய்க்குப் போய்விடும்.

நெஞ்சில் கோளாறு என்றால் கை ஏன் வலிக்க வேண்டும்? இதயத்திலிருந்து வருகிற வலி நரம்புகளும், இடது கையின் உள்பக்கத்திலிருந்து வருகிற நரம்புகளும் முதுகுத்தண்டில் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நுழைகின்றன. மூளைக்குக் கையிலிருந்து சேதி வந்து பழக்கம். இதயத்திலிருந்து வந்து பழக்கமில்லை. இரண்டு தெருத் தபாலும் ஒரே தபால்காரர் கையில் வந்தால் பழகின வீட்டில் போட்டுவிட்டுப் போவார் அல்லவா, அந்த மாதிரி. கறாராகப் பார்த்தால் இதற்கு ரெஃபர்டு பெயின் என்று தனிப் பெயர் இருக்கிறது. நரம்பு நசுங்கிக் காலுக்கு ஓடுகிற வலி வேறு ரகம். ஆனால் கேஸ் எழுதும்போது இரண்டுக்கும் ரேடியேட் என்றே போட்டுவிடுகிறார்கள். யாரும் அதற்குச் சண்டைக்குப் போவதில்லை. நெஞ்சில் பாறாங்கல்லை வைத்தாற்போல் அழுத்தி, வியர்த்து, கைக்கு வலி இறங்கினால் நீங்களும் அகராதி புரட்டிக்கொண்டிருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

இதற்குத் தமிழில் 'பரவு' போதுமா என்று கேட்டீர்கள். போதாது என்பது என் கட்சி. பரவுவது என்றால் தேமல் பரவுகிற மாதிரி, விஷம் பரவுகிற மாதிரி, எண்ணெய் தண்ணீரில் பரவுகிற மாதிரி: விளிம்பு நகர்ந்துகொண்டே போகும், திசை கிடையாது. 'வலி கைக்குப் பரவியது' என்று கேட்டால் நோயே கைக்குப் போய்விட்டது என்று ஒரு உம்மா நினைத்தால் அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. நம் ஜனங்கள் டாக்டர் முன்னால் உட்கார்ந்து எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். "நெஞ்சுல பிடிச்சது அப்படியே கைக்கு இறங்குது." "தாடைக்கு ஏறுது." "முன்னால குத்துனா முதுகுல வாங்குது." "இடுப்புலருந்து காலு வரைக்கும் சுண்டி இழுக்குது." கீழே போனால் இறங்குகிறது, மேலே போனால் ஏறுகிறது, நரம்பு வழி என்றால் இழுக்கிறது. இங்கிலீஷில் ஒரே ரேடியேட்டை வைத்துக்கொண்டு பின்னால் டு, டவுன், இன்டு என்று ஒட்டித் திசை காட்ட வேண்டியிருக்கிறது. தமிழில் திசை வினைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. எனவே மருத்துவத் தாளை மொழிபெயர்க்கிறவர்கள் ஒரே சொல்லைத் தேட வேண்டாம். திசையைப் பார்த்து வினையைப் போடுங்கள்.

ஊர், தெரு, பாதைக்கும் ரேடியேட் நிறையப் போடுவார்கள். "சிக்ஸ் ரோட்ஸ் ரேடியேட் ஃப்ரம் தி ஸ்கொயர்" என்றால் சதுக்கத்திலிருந்து ஆறு ரோடு ஆறு திசையில் கிளம்புகிறது. பாரிஸில் வெற்றி வளைவைச் சுற்றி அப்படிப் பன்னிரண்டு சாலை. டெல்லி கன்னாட் பிளேஸும் அந்த ஜாதி. சென்னையில் பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடி ரோட்டை ஜனங்கள் ரேடியல் ரோடு என்றே கூப்பிடுகிறார்கள். ஆனால் ராமேஸ்வரத்துக்கு வழிகாட்டி எழுதுகிறவர்கள் சிலர் "ஸ்ட்ரீட்ஸ் ரேடியேட் ஃப்ரம் தி டெம்பிள்" என்று எழுதும்போது எனக்குக் கை பரபரக்கும். நான்கு ரத வீதியும் கோயிலை விட்டு எங்கேயும் போகவில்லையே! கோயிலைச் சுற்றி வருகின்றன. நம் கோயில் ஊர்களின் கணக்கே வேறு: பிராகாரத்துக்கு வெளியே பிராகாரம், அதற்கு வெளியே வீதி, சதுரத்துக்குள் சதுரம். அது ஆரக்கால் இல்லை, வட்டை. அங்கே போட வேண்டியது என்சர்க்கிள் அல்லது ரன் அரவுண்ட்.

கடலுக்குப் போகிற பாதையும் சொல்லித் தருகிறது. விசைப்படகுகள் துறைமுகத்தை விட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் கிளம்பினால் கொஞ்ச தூரம் ஒன்றாகப் போய்ப் பிறகு விரியும். இதற்கு ரேடியேட்டை விட ஃபேன் அவுட் பொருத்தம். பின்பக்கம் கரை அடைத்துக்கொண்டிருப்பதால் முழு வட்டம் கிடையாது, விசிறிதான். பனையோலையும் அப்படியே. மட்டை முடிகிற இடத்திலிருந்து ஓலையின் ஈர்க்குகள் கிளம்பி விரிகின்றன, மட்டை இருக்கிற பக்கம் மட்டும் காலி. விசிறி என்ற சாமானே அதிலிருந்துதான் நமக்குக் கிடைத்தது. இரண்டே கிளை பிரிந்தால் டைவர்ஜ். 1964 டிசம்பர் புயலுக்கு முன்னால் பாம்பன் ஜங்ஷனில் ரயில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ராமேஸ்வரத்துக்கு, ஒன்று தனுஷ்கோடிக்கு. புயலுக்குப் பிறகு பிரிய இன்னொன்று இல்லை.

பெயரடையாக வந்தால் கடைசி அசை குறுகிவிடும், ரேடியேட் என்று நீட்டாமல் 'ரேடியட்' என்பது போல். பேச்சில் அபூர்வம், உயிரியல் புத்தகத்தில் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூவியே என்ற பிரெஞ்சு அறிஞர் விலங்குகளை நாலு பெரும் பிரிவாக்கி, சக்கரம் போல் உடம்புள்ள நட்சத்திர மீன், சொறி (ஜெல்லி மீன்) வகையறாவை எல்லாம் ரேடியாட்டா என்று ஒரே கூடையில் போட்டார். பிறகு அந்தக் கூடை பிரிந்துபோயிற்று. நட்சத்திர மீனின் குஞ்சு நம்மைப் போல இடம் வலம் என்று சமமாய்ப் பிறந்து, வளர்ந்த பிறகுதான் ஐந்து ஆரக்காலாகிறது. இனமுறையில் அது சொறியை விட முதுகெலும்புள்ள நமக்குத்தான் நெருக்கம். மன்னார் வளைகுடாக் கடல் அட்டையும் இதே கூட்டம். 2001 முதல் பிடிக்கத் தடை, ஆகவே வெட்டிப் பார்க்கச் சொல்லமாட்டேன். புத்தகத்தில் குறுக்கு வெட்டுப் படத்தைப் பாருங்கள். வெளியே வெள்ளரிக்காய் மாதிரி நீளமாய்க் கிடக்கிறதே தவிர உள்ளே ஐந்து வரிசை நடுவைச் சுற்றி அடுக்கியிருக்கும். படுத்துக்கிடக்கிற சக்கரம்.

ஒரே மூதாதையிலிருந்து பல இனம் கிளைப்பதற்கும் அடாப்டிவ் ரேடியேஷன் என்று பெயர். கலாபகோஸ் தீவுக் குருவிகள் ஒரு டஜனுக்கும் மேலே, எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அங்கேயும் நடுவில் ஒரு குடம் இருக்கிறது, காலத்தில் பின்னால் போய்ப் பார்த்தால்.

மனசுக்கும் போடுவார்கள். "ஷீ ரேடியேட்ஸ் கான்ஃபிடன்ஸ்." இதை 'அவள் தன்னம்பிக்கையைக் கதிர்வீசினாள்' என்று எழுதிய மொழிபெயர்ப்பை நான் படித்திருக்கிறேன், தண்ணீர் குடித்து ஆற்றிக்கொண்டேன். தமிழில் முகத்தில் களை கட்டும், பூரிப்பு தெரியும், நடையிலேயே தைரியம் தெரியும். கல்யாணப் பெண்ணுக்கு ரேடியன்ட் என்றால் 'முகத்துல என்ன ஒரு களை!' என்பதற்கு மேல் வேண்டியதில்லை. இங்கிலீஷில் இது நல்ல குணத்துக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருத்தன் வாயே திறக்காமல் வெறுப்பை ரேடியேட் பண்ணலாம். நிபந்தனை ஒன்றே: சொல்லாமலே பக்கத்தில் இருக்கிறவனுக்குச் சுட வேண்டும். வாய்விட்டுத் திட்டினால் அது ரேடியேட் இல்லை.

எங்கே போடக்கூடாது என்பது சுலபம், குடத்தைத் தேடிப் பாருங்கள். சீமைக்கருவேலம் நம் மாவட்டத்தை மூடியதற்கு ஸ்ப்ரெட்தான். ஆடு நெற்றைத் தின்று போகிற இடத்தில் எல்லாம் புழுக்கையோடு விதையைப் போட்டுவிடும், நடு எது? வளர்ப்புக்கென்று கொண்டுவந்த காப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பவளப் பாறையில் ஏறியதற்கும் ஸ்ப்ரெட். தமிழில் 'படர்ந்தது' இன்னும் நன்றாக இருக்கும். நோய் தொற்றுவது ஸ்ப்ரெட். முக்கியமாகக் கேன்சர் உடம்பில் வேறு இடத்துக்குப் போனால் ஸ்ப்ரெட் என்றே சொல்லுங்கள், ரேடியேட் என்று ஒருபோதும் வேண்டாம்; அந்த வார்டில் ரேடியேஷனுக்கு வேறு வேலை இருக்கிறது. அங்கே கதிரை நோய் மேல் செலுத்துவதற்கு வினை இர்ரேடியேட். ரேடியேட் செய்வது விளக்கு, இர்ரேடியேட் ஆவது விளக்குக்கு முன்னால் வைத்த சாமான். கருவாட்டு வாடைக்கும் ரேடியேட் சரிவராது. வாசனை காற்றில் மிதந்து, வளைந்து, காற்று திரும்பினால் தானும் திரும்பும். அதற்கு எமனேட் அல்லது டிரிஃப்ட். எமனேட்டின் லத்தீன் வேர் ஒழுகுவது. கருவாட்டுக்கு அதுதான் கச்சிதம்.

வதந்தி? ஒரு பையன் பரீட்சையில் "தி ரூமர் ரேடியேட்டட் த்ரூ தி வில்லேஜ்" என்று எழுதி நான் சிவப்பு மையில் சுழித்தது ஞாபகம் இருக்கிறது. வகுப்பில் வந்து நின்று, "சார், எங்க ஊர்ல எல்லா வதந்தியும் ஒரே டீக்கடையிலருந்துதான் சார் கிளம்பும்" என்றான். அரை மதிப்பெண் போட்டேன். இன்றைக்கு என்றால் முழுசாகவே போடுவேன், 'ஃப்ரம் தி டீ ஷாப்' என்று சேர்த்து எழுதச் சொல்லி.

கடைசியாக ஒன்று, உங்கள் வாப்பாவின் தாளை வைத்தே. மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கு வலியை விசாரிக்க ஒரு வரிசை சொல்லித் தருவார்கள்: எந்த இடம், எப்போது ஆரம்பித்தது, எப்படிப்பட்ட வலி என்று போகும். அதில் நாலாவது கேள்வி 'இந்த வலி வேறு எங்கேயாவது போகிறதா'. கேஸ் ஷீட்டில் அந்தக் கேள்விக்குத் தலைப்பு வெறும் 'ரேடியேஷன்' என்றே இருக்கும். பக்கத்தில் 'எஸ், லெஃப்ட் ஆர்ம்' என்று எழுதியிருப்பார்கள். முழு ஃபைலும் உங்களிடம் இருந்தால் அந்தப் பக்கத்தை உம்மா கண்ணில் படாமல் அடியில் வைத்துவிடுங்கள் தம்பி.